97 நார்மல்தானே டாக்டர்?

கேள்வி: எனக்கு 28 வயது. பெரம்பூரில் இருக்கிறேன். முதல் கர்ப்பம், இப்போது 25 வாரம். உயரம் 156 செ.மீ., கர்ப்பத்துக்கு முன் எடை 77 கிலோ, இப்போது 82. அம்மா குண்டாக இருந்தால் குழந்தைக்குப் பிற்காலத்தில் சர்க்கரை, இதய நோய், ஆட்டிசம் எல்லாம் வரும் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். இன்ஸ்டாகிராமில் வாங்கிய மூலிகைப் பொடியும் குடிக்கிறேன். சாயங்காலமானால் கால் வீங்குகிறது, ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. குளுக்கோஸ் தண்ணீர் குடித்தால் வாந்தி வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் அந்த டெஸ்ட் எடுக்கவில்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை 97, நார்மல் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. என்னால் என் குழந்தைக்கு நோய் வருமா டாக்டர்?

பதில்: முதலில் அந்தப் பொடியைக் குப்பையில் போடுங்கள். உடம்பு இளைக்க என்று விற்கும் பொடிகள் பலவற்றில் பேதிக்குப் போகவைக்கும் நிலாவாரைதான் சரக்கு. உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, விற்றவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு செய்கிற பரிசோதனையா இது? ராத்திரிச் சாப்பாட்டையும் இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.

அப்புறம், போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, 97. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். லேப் ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் அளவு பொதுவாகக் கர்ப்பமில்லாதவர்களுக்கானது. கர்ப்பத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2013இல் சொன்ன கணக்கில், வெறும் வயிற்றில் 92 வந்தாலே அது கர்ப்பகாலச் சர்க்கரை. நீங்கள் கர்ப்பிணி என்பது ரிப்போர்ட் அடித்த கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

ஆகவே அந்த குளுக்கோஸ் டெஸ்ட்டை நாளைக்கே எடுங்கள். 24 முதல் 28 வாரம்தான் அதற்குச் சரியான காலம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். ஐந்து, பத்து நிமிடத்தில் குடித்துவிட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை இருக்கிறது என்று பொருள். வெறும் வயிறாகப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். இந்த எளிய முறையை வகுத்ததே நம் சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவும் அவருடைய குழுவினரும்தான். பக்கத்தில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கொடுக்காமலே எடுத்துக்கொள்ளலாம். வாந்தி வந்தால்? அரை மணிக்குள் வந்தால் மறுநாள் திரும்ப எடுப்பார்கள், அதற்குப் பிறகு வந்தால் டெஸ்ட் செல்லும், அவ்வளவுதான். முடிவு 140க்குக் கீழே வந்தாலும் அந்த 97 ரிப்போர்ட்டை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் காட்டாமல் விடாதீர்கள்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், நீங்கள் பயப்படுகிற விஷயம் குழந்தைக்குப் போய்ச்சேரும் வழியே இந்தச் சர்க்கரைதான். அம்மாவின் ரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், அம்மாவின் இன்சுலின் போகாது. வருகிற சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே அதிகமாக இன்சுலின் சுரக்க வேண்டியிருக்கும். கொழுப்பைச் சேர்த்துவைப்பது இன்சுலினின் வேலை. பிள்ளை கொழுத்துப் பிறக்கும், பிறந்தவுடன் சர்க்கரை திடீரென்று இறங்கும், வளர்ந்த பிறகு உடல் பருமனுக்கும் சர்க்கரைக்கும் வாய்ப்பு கூடும். பரம்பரைதானே காரணம் என்று கேட்கலாம். அமெரிக்காவில் அரிசோனாவின் பீமா பழங்குடியினரிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளில், அவளுக்குச் சர்க்கரை வந்த பிறகு பிறந்தவர்களுக்கே, முன்னால் பிறந்தவர்களைவிடச் சர்க்கரையும் பருமனும் அதிகம். ரத்தம் ஒன்று, வீடு ஒன்று, மாறியது கருப்பையில் கிடைத்த சர்க்கரை.

உங்கள் எடைக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன், உண்டு. கருத்தரிக்கும்போது அம்மா பருமனாக இருந்தால் குழந்தையும் பின்னாளில் பருமனாகும் வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் 25ஆவது வாரத்தில் பட்டினி கிடந்து அதை மாற்ற முடியாது. கர்ப்பத்தின் நடுவில் உணவைக் கட்டுப்படுத்திப் பார்த்த பெரிய ஆய்வுகளிலேயே குழந்தையின் பிற்கால எடையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் வரவில்லை. பட்டினியோ கெடுதல் செய்யும். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்கு, வளர்ந்த பிறகு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. ஒல்லியாக இருக்கும் தோழிகளைப் பார்த்தும் ஏங்க வேண்டாம். புனேயில் மெலிந்த தாய்மாருக்குச் சுமார் 2.7 கிலோவில் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்தபோது, எடை குறைவே தவிர, அந்த எடைக்குத் தோலடிக் கொழுப்பு குறையவில்லை. அதுவும் சர்க்கரைக்கு வழிதான்.

உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் கர்ப்பம் முழுவதும் 5 முதல் 9 கிலோ வரை கூடலாம். இதுவரை ஐந்து கூடியிருக்கிறது. சரி, பரவாயில்லை. மூன்று வேளையும் சாப்பிடுங்கள், சோற்றை ஒரு கரண்டி குறைத்துக் காயையும் பருப்பையும் முட்டையையும் கூட்டுங்கள். ஜூஸ், ரோஸ்மில்க், பாதாம் பால் வேண்டாம். சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் நடங்கள், மொட்டை மாடி போதும். வளைகாப்பில் கலந்த சாதம் ஏழு வகை வரும், ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்தால் மாமியாரும் சந்தோஷப்படுவார். சர்க்கரை உறுதியானால் பெரும்பாலானவர்களுக்கு இந்த அளவு மாற்றமே போதும். இலக்கு வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழ். அதற்கு வரவில்லையென்றால் இன்சுலின் தருவார்கள். ஊசி என்றதும் பின்வாங்காதீர்கள், அது குழந்தைக்குப் போகாது என்றுதான் மேலே சொன்னேனே.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். கெண்டைக்கால் பிடிப்பு பாதிக் கர்ப்பிணிகளுக்கு வரும், காலை நீட்டிப் பாதத்தை உங்கள் பக்கம் மடக்கினால் விடும். சாயங்காலக் கால் வீக்கமும் அப்படித்தான். முகமோ கையோ வீங்கினாலும், கடுமையான தலைவலியோ கண் மங்கலோ வந்தாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும், போய் பிபி பாருங்கள். ஆட்டிசத்துக்கு அம்மாவின் எடைதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அந்தச் சேனலுக்கு உங்கள் பயம்தான் வருமானம்.

கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களில் பலர் பிரசவமானதும் இந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. உங்களுக்கு அது உறுதியானால், ஆறாவது வாரம் பிள்ளைக்குத் தடுப்பூசி போட வருவீர்கள் அல்லவா, அந்த வாரத்திலேயே உங்களுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட்டை, இந்த முறை வெறும் வயிற்றில், எடுத்துவிடுங்கள். எடை குறைக்கும் பேச்சை அப்போது ஆரம்பிக்கலாம், அடுத்த குழந்தைக்கு முன்பே முடித்தும் விடலாம்.