புது பேட்டரியும் இறங்குகிறதா? நான்காவதை வாங்கும் முன் மீட்டரை எடுங்கள்

கேள்வி: என்னுடையது 125 சிசி வண்டி. ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், கிக்கர் கிடையாது. வாங்கி நான்கு வருடம் ஆகிறது. கூடவே வந்த பேட்டரி மூன்று வருடம் தொந்தரவு தரவில்லை. போன வருடம் அதை மாற்றியபோதே, ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை என்று இரண்டு எல்இடி விளக்கும் ஹேண்டில்பாரில் ஒரு மொபைல் சார்ஜரும் மாட்டினேன். அடுத்த பத்து மாதத்தில் அந்தப் பேட்டரி போய்விட்டது. இப்போது இருப்பது மூன்றாவது. வெள்ளி இரவு நிறுத்திவிட்டுத் திங்கள் காலை செல்ஃப் அடித்தால் 'டட டட டட' என்று சத்தம் மட்டும் வருகிறது. ஒரு மெக்கானிக் காயில் போய்விட்டது என்கிறார். இன்னொருவர் பேட்டரி மட்டம், வேறு கம்பெனி போடுங்கள் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேரில் யாராவது மீட்டர் வைத்துப் பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்திருந்தால் இரண்டு விதமான பதில் வந்திருக்காது. என் சந்தேகம் இருவர் சொன்னதன் மேலும் இல்லை, நீங்கள் மாட்டிய மொபைல் சார்ஜரின் மேல்தான். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வண்டி தினமும் படுத்துக்கொள்வதில்லை, இரண்டு நாள் சும்மா நின்ற பிறகுதான் படுக்கிறது. காயில் (இன்ஜின் சுழலும்போது கரண்ட் உண்டாக்கும் சுருள்) போயிருந்தால் செவ்வாய், புதன் என்று பார்க்காமல் ஓட ஓடவே பேட்டரி இறங்கியிருக்கும். ஆனாலும் சந்தேகம் சந்தேகம்தான். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் அரை மணி நேரத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

முதலில் அந்தச் சத்தம். செல்ஃப் பட்டனை அழுத்தியதும் ரிலே (சின்னக் கரண்டால் இயங்கும் சுவிட்ச்) மூடுகிறது, மோட்டார் பெரிய கரண்டை இழுக்கிறது, பலமில்லாத பேட்டரியின் வோல்டேஜ் சட்டென்று விழுகிறது. விழுந்ததும் ரிலேயைப் பிடித்து வைக்கவே தெம்பில்லாமல் அது திறந்துகொள்கிறது. இழுப்பு நின்றதும் வோல்டேஜ் ஏறி மறுபடி மூடுகிறது. இதுதான் 'டட டட'. ஒரே ஒரு 'டக்' கேட்டு அதற்குமேல் ஒன்றுமே நடக்காவிட்டால் ரிலேயின் உள்முனையையோ மோட்டாரையோ பார்க்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், கில் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச் பக்கம் போக வேண்டும். உங்களுடையது முதல் வகை. பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது இருக்கிற சார்ஜ் மோட்டார்வரை போய்ச் சேரவில்லை.

போய்ச் சேராததற்குப் பெரும்பாலும் டெர்மினல்தான் காரணம், அதனால் அங்கிருந்து ஆரம்பியுங்கள். சீட்டைக் கழற்றி, பேட்டரி வயரை விரலால் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். அசையவே கூடாது. பல பைக் பேட்டரிகளில் ஸ்க்ரூவுக்குக் கீழே ஒரு சின்னச் சதுர நட்டு தனியாக உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூ பாதிதான் பிடித்திருந்தால் மேலே பார்க்க இறுக்கமாகத் தெரியும், கீழே நட்டு தொங்கிக்கொண்டிருக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வயரைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷைத் தொட்டுத் தேயுங்கள். காயவைத்து மாட்டிய பிறகு மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் போதும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் இணைந்திருக்கும்போது பிளஸ்ஸில் வைத்த ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால் நேரடி ஷார்ட்.

சரி, இப்போது மீட்டர். டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொடுங்கள். வண்டியை நிறுத்திக் குறைந்தது நாலைந்து மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஓட்டி வந்த சூட்டில் பார்த்தால் செத்த பேட்டரிகூட 13 காட்டி ஏமாற்றும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி இருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. எண்ணைப் பார்த்தால் 12தானே, 12 வோல்ட் பேட்டரிதானே என்று தோன்றும். அங்கேதான் நிறையப் பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். நிறைவுக்கும் காலிக்கும் நடுவில் மொத்தமே முக்கால் வோல்ட்டு இடைவெளிதான்.

மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு செல்ஃபை அழுத்துங்கள். வோல்டேஜ் 10க்குக் கீழே போகாமல் நின்றால் பேட்டரி தேறும். ஓய்வில் 12.6 காட்டிவிட்டு செல்ஃபில் 7, 8 என்று சரிந்தால் பேட்டரியின் உள்ளே பலம் போய்விட்டது, எத்தனை முறை சார்ஜ் ஏற்றினாலும் அது திரும்பாது. இறங்கியே கிடக்கும் பேட்டரியில் தகடுகளின்மேல் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் உங்கள் பேட்டரிக்கு நடந்துகொண்டிருப்பது இதுதான்.

அடுத்து, இன்ஜினை ஓடவிட்டு அதே இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். ஐட்லிங்கில் ஒருமுறை, ஆக்சிலரேட்டரை முறுக்கி 4000, 5000 ஆர்பிஎம்மில் ஒருமுறை. முறுக்கியதும் 13.5க்கும் 14.5க்கும் நடுவில் வந்து நின்றால் காயிலும், அது தரும் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் வேலை செய்கின்றன. காயில் என்று சொன்ன மெக்கானிக்கிடம் இந்த எண்ணைச் சொன்னாலே போதும். எவ்வளவு முறுக்கினாலும் 13ஐத் தாண்டவில்லையென்றால் சார்ஜ் ஏறவில்லை, காயில் அல்லது ரெகுலேட்டர். முறுக்க முறுக்க 15ஐயும் தாண்டிப் போனால் ரெகுலேட்டர் கைவிட்டுவிட்டது. அப்படி ஓட்டினால் பேட்டரி வெந்துபோகும், பல்புகளும் அடுத்தடுத்து போகும்.

இந்த அளவை எல்இடி விளக்குகளை அணைத்து ஒருமுறை, போட்டு ஒருமுறை எடுங்கள். விளக்கு ஒவ்வொன்றும் 20 வாட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 3 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். 125 சிசி வண்டியின் காயில் ஐட்லிங்கில் தருவது கொஞ்சம்தான், அதில் ஹெட்லைட், ஃபியூவல் பம்ப், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எல்லாவற்றுக்கும் கொடுத்தது போகத்தான் மீதி பேட்டரிக்கு. விளக்கைப் போட்டதும் ஐட்லிங்கில் 12.5க்குக் கீழே வந்தால், சிக்னலில் நிற்கும் நேரமெல்லாம் பேட்டரியிலிருந்து செலவாகிறது என்று பொருள். செல்ஃப் அடித்து அடித்துத்தான் பேட்டரி போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 ஆம்பியரை 2 விநாடி இழுத்தாலும், அரை ஆம்பியர் வீதம் ஏற்ற மூன்றரை நிமிடம் போதும். செல்ஃப் ஒரே தடவையில் எடுக்கும் வண்டிக்கு அது ஒரு செலவே இல்லை. அந்த அரை ஆம்பியர் மிச்சமாகிறதா என்பதுதான் கேள்வி.

இதெல்லாம் சரியாக இருந்தால் (இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்) கசிவுக்கு வருவோம். சாவி ஆஃபில் இருக்கும்போதும் பேட்டரியிலிருந்து ஏதோ குடித்துக்கொண்டிருக்கிறது. சாதாரணமாகக் கடிகாரம், ஈசியூ நினைவகம் என்று சில மில்லி ஆம்பியர் போகத்தான் செய்யும், அது பிரச்சினை இல்லை. மொபைல் சார்ஜரை நேராகப் பேட்டரியில் கொடுத்திருந்தால், போன் சொருகாவிட்டாலும் உள்ளே இருக்கும் சர்க்யூட்டும் அந்த நீல விளக்கும் விடாமல் இழுக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். வெள்ளி இரவு முதல் திங்கள் காலை வரை சுமார் 60 மணி நேரம். 1.8 ஆம்பியர் அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கியது) போச்சு. உங்கள் வண்டி அளவுக்குப் பேட்டரி பெரும்பாலும் 4, 5 ஆம்பியர் அவர்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல், நீங்கள் தூங்கும்போதே காலி. அதுவும் வெள்ளிக்கிழமை பேட்டரி நிறைந்திருந்தால்.

அளக்கும் முறை இது. சாவி ஆஃப். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள், திருகியையும் 10 ஆம்பியரில் வையுங்கள். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, கழன்ற வயருக்கும் பேட்டரி மைனஸ் முனைக்கும் நடுவில் மீட்டரைக் கொடுங்கள். இப்போது வண்டி குடிப்பதெல்லாம் மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். ஓரிரு நிமிடம் பொறுத்து எண் நிலைக்கட்டும். சிறிய எண்ணாக இருந்தால் மில்லி ஆம்பியருக்கு மாறிப் பாருங்கள். பிறகு மொபைல் சார்ஜரின் கனெக்டரைக் கழற்றுங்கள். 30 இருந்தது 2 ஆனால் திருடன் பிடிபட்டான். இறங்காவிட்டால் எல்இடி விளக்கின் வயர், அப்புறம் அலாரம், ஜிபிஎஸ் டிராக்கர் ஏதாவது இருந்தால் அது என்று ஒவ்வொன்றாக. எதிலும் இறங்கவில்லையென்றால் ரெகுலேட்டரின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். அதற்குள் இருக்கும் டயோடு பழுதானால் கரண்ட் பின்பக்கமாகக் கசியும்.

மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், செல்ஃபைத் தொடவே தொடாதீர்கள். ஒருமுறை மறந்துபோய் நானே தொட்டேன். மீட்டரின் உள் ஃபியூஸ் சத்தமில்லாமல் போனது. அது தெரியாமல் அடுத்த அரை மணி நேரம் மீட்டர் பூஜ்யம் காட்ட, "கசிவே இல்லை" என்று வண்டிக்காரரிடம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பூஜ்யம் வந்தால் முதலில் மீட்டரைச் சந்தேகியுங்கள், வண்டியை அப்புறம். வேலை முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்ற மறக்காதீர்கள். ஆம்பியர் துளையில் இருக்கும்போதே பேட்டரியின் இரண்டு முனையைத் தொட்டால் அது ஷார்ட் சர்க்யூட்.

சார்ஜர்தான் காரணம் என்று தெரிந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரு 12 வோல்ட் ரிலே போடுங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேக்கு, ரிலேயிலிருந்து விளக்குக்கும் சார்ஜருக்கும். ரிலேயை இயக்கும் சின்ன வயரைச் சாவி திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வரும் ஏதாவது ஒரு வயரில் சேருங்கள். சாவியை எடுத்ததும் எல்லாம் அறுந்துவிடும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. வயரைச் சுற்றி டேப் ஒட்டிய இணைப்பு மழைக்காலத்தில் நீடிக்காது, சாலிடர் வைத்து மேலே ஷ்ரிங்க் ட்யூப் போடச் சொல்லுங்கள்.

ஒருவேளை ஓடும்போது 13ஐத் தாண்டவில்லையென்றால்? காயிலை மாற்றும் முன் ரெகுலேட்டரிலிருந்து காயிலுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தால் பல சமயம் கோளாறு அங்கேயே முடிந்துவிடும். பல வண்டிகளில் காயிலிலிருந்து மூன்று மஞ்சள் வயர்கள் வரும். கனெக்டர் கழன்ற நிலையில், ஏசி வோல்ட்டில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு இரண்டிரண்டாக அளந்தால் மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும், முறுக்க முறுக்க ஏற வேண்டும். ஏதாவது ஒரு ஜோடி சோம்பினாலும் காயில். இன்ஜினை அணைத்து ஓம் வைத்துப் பார்க்கும்போது, மஞ்சள் வயருக்கும் இன்ஜின் உடம்புக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தாலும் காயில்தான். மூன்றும் நன்றாக இருந்தால் ரெகுலேட்டர். ஓடும் இன்ஜினில் அந்த முனைகளை விரலால் தொடாதீர்கள், 50 வோல்ட்டுக்கு மேலும் வரும்.

இப்போது இருக்கும் மூன்றாவது பேட்டரியை உடனே குப்பையில் போட வேண்டாம். கழற்றி, பைக் பேட்டரி சார்ஜரில் மெதுவாக ஏற்றுங்கள். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 5 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு அரை ஆம்பியர், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். ஓர் இரவு சும்மா விட்டுவிட்டு அளந்தால் 12.5க்கு மேல் நின்று, செல்ஃபிலும் 10க்குக் கீழே போகாவிட்டால் பிழைத்துக்கொண்டது. புதிதாக வாங்கும்போதும் இந்தச் சார்ஜை ஏற்றித்தான் மாட்ட வேண்டும். ஆசிட் ஊற்றிய கையோடு வண்டியில் வைத்து அனுப்பிவிடுவது சகஜம், அந்தப் பேட்டரி ஆரம்பத்திலிருந்தே நோஞ்சானாகத்தான் இருக்கும். உங்கள் இரண்டாவது பேட்டரிக்கு இதுவும் நடந்திருக்கலாம். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். மூடி சீல் வைத்த வகையைத் திறக்கவே கூடாது.

அதுவரை திங்கட்கிழமைகளைச் சமாளிக்க, வெள்ளி இரவு மைனஸ் வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். கடிகாரம் மறந்துபோகும், அவ்வளவுதான். தள்ளி ஸ்டார்ட் செய்வதை நம்ப வேண்டாம். கார்பரேட்டர் வண்டியில் அது நடக்கும். உங்களுடையதில் ஃபியூவல் பம்பும் ஈசியூவும் விழித்துக்கொள்ளவே ஓரளவு வோல்டேஜ் வேண்டும், முழுக்க இறங்கிய பேட்டரியில் எவ்வளவு தள்ளினாலும் வியர்வைதான் மிச்சம். வண்டி ஓடும்போது பேட்டரியைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தையும் வேண்டாம். ரெகுலேட்டரின் ஏற்ற இறக்கம் நேராக ஈசியூவின் தலையில் இறங்கும்.

ரிலே போட்ட பிறகு வரும் முதல் வார இறுதியில் வயரைக் கழற்றாமலே விடுங்கள். சனிக்கிழமை காலை ஓர் அளவு, திங்கள் காலை சாவி போடும் முன் ஓர் அளவு. இரண்டுக்கும் 0.1 வோல்ட்டுக்குள் வித்தியாசம் என்றால் வேலை முடிந்தது. அதற்குமேல் இறங்கியிருந்தால் கசிவு இன்னும் எங்கோ இருக்கிறது. இரண்டு எண்ணையும் வண்டியின் மாடலையும் எழுதி அனுப்புங்கள், அங்கிருந்து பார்க்கலாம்.