ஜியோகேச்சிங் என்றால் என்ன? கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்கள் தொடங்க முடியுமா?

தாராளமாக முடியும். ஒருவர் ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் உதவியோடு இன்னொருவர் தேடி எடுப்பதுதான் விளையாட்டு. 2000 மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்கா நீக்கியது. உடனே மே 3ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஓரிகனில் ஒரு வாளியை மறைத்துவிட்டு அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். விளையாட்டு அப்படித்தான் தொடங்கியது.

போன் இருந்தால் போதும். ஆனால் வெட்டவெளியில் சில மீட்டருக்குள் சரியாகக் காட்டும் அதே போன், நம்ம ஊர்ப் பாறைகளுக்கு நடுவே போனதும் சிக்னல் கல்லில் பட்டுத் திரும்புவதால் தடுமாறும், அம்புக்குறி அங்கும் இங்கும் அலையும். அப்போது போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால்தான் தேட வேண்டும். இடுக்கில் யாரோ அடுக்கியது போல இரண்டு மூன்று கல் தெரிந்தால் அதுதான். கையை விடுவதற்கு முன் குச்சியால் தட்டிப் பாருங்கள், தேள் இருக்கும்.

கிடைத்ததும் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். பென்சில் கொண்டு போங்கள், ஈரத்தில் பேனா மை ஊறிவிடும். பொம்மை, சாவிக்கொத்து என்று எதையாவது எடுத்தால் அதே மதிப்பில் ஒன்றை வைக்க வேண்டும்.

அப்புறம், நீங்களே ஒளிப்பதாக இருந்தால் இராயக்கோட்டைக் கோட்டையும் மல்லச்சந்திரம் கல்திட்டைகளும் (பலகைக் கற்களால் ஆன பழங்கால ஈமச்சின்னங்கள்) வேண்டவே வேண்டாம். அங்கே ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. தின்பண்டமும் வைக்காதீர்கள், குரங்கு டப்பாவையே பிய்த்துவிடும்.