மோட்டார் இழுவைக்குச் செயின் எம்மாத்திரம்?

இ-மவுன்டன் பைக், அதாவது மோட்டார் உதவியோடு ஓடும் மலைப்பாதை சைக்கிள், வாங்கி ஒன்றிரண்டு வருடம் ஓட்டியவர்கள் அனுப்பிய கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். முக்கால்வாசி ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: செயினும் கேசட்டும் (பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கர அடுக்கு) தேய்ந்துவிட்டன, மாற்றுகிற கையோடு விலை கூடியதாகப் போட்டுவிடலாமா? சாதாரண சைக்கிளில் ஒரு படி மேலே போவது பெரும்பாலும் நல்லதுதான். மோட்டார் வைத்த சைக்கிளில் பல சமயம் அது காசு கொடுத்துத் தேய்மானத்தை வாங்குகிற வேலை. கேள்வியும் பதிலுமாகக் கீழே தருகிறேன்.

ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். பாஷ் சிஎக்ஸ் மோட்டார், ஷிமானோ டியோர் 12 கியர். கேசட் போய்விட்டது. இந்தத் தடவை ஷிமானோவின் விலை கூடிய எக்ஸ்டி கேசட் போடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

வேண்டாம். டியோரையே திரும்பப் போடுங்கள்.

இரண்டிலும் பல் கணக்கு ஒன்றுதான், 10 முதல் 51 வரை. எக்ஸ்டி ஏறத்தாழ 120 கிராம் எடை குறைவு. அந்த எடை எங்கிருந்து குறைந்தது என்று பாருங்கள்: எக்ஸ்டியில் பெரிய இரண்டு பல்சக்கரங்கள் அலுமினியம். டியோரில் எல்லாமே இரும்பு. செங்குத்து ஏற்றத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்தப் பெரிய இரண்டில்தான். அதாவது, அதிகம் அடி வாங்குகிற இடத்தில் மென்மையான உலோகத்தைக் கொண்டுபோய் வைக்கிறோம். இருபத்து மூன்று, இருபத்து நாலு கிலோ வண்டியில் 120 கிராம் என்பது பாட்டிலில் நாலு மடக்குத் தண்ணீர்.

அடி எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் மோட்டார் கிராங்கில் (மிதி சுற்றும் அச்சில்) தருவது 85 நியூட்டன் மீட்டர் திருகுவிசை. முன்னால் உள்ள பல்சக்கரமான 34 பல் செயின்ரிங்கின் ஆரம் ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வகுத்தால், மோட்டார் முழு பலத்தில் இழுக்கும்போது செயினில் 125 கிலோ மூட்டையைத் தொங்கவிட்ட மாதிரி. உங்கள் கால் மிதிப்பது அதற்கு மேலே. இந்த இழுவையில் கியரையும் மாற்றினால் செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது எழும் அந்த 'கடக்' சத்தம், கேசட் பேசுகிற பாஷை. ஏற்றம் வருவதற்கு முன்பே கியரை இறக்குங்கள், மாற்றும் அந்த அரைச் சுற்றுக்கு மிதியைத் தளர்த்துங்கள். மோட்டாரும் உங்கள் காலைப் பார்த்துத் தளர்ந்துகொள்ளும்.

கையில் மிச்சமான காசு அரிக்கிறது என்றால், கியர் மாற்றும் விசையான எக்ஸ்டி ஷிஃப்டரை மட்டும் வாங்குங்கள். விரலுக்குக் கிடைக்கும் அந்தத் தெளிவான சொடுக்கு ஷிஃப்டரில்தான் இருக்கிறது, கேசட்டில் இல்லை.

34 பல் செயின்ரிங்கை எடுத்துவிட்டு 30 போட்டால் ஏற்றம் சுலபமாகும் என்கிறார் நண்பர்.

காலுக்குச் சுலபம், செயினுக்குக் கஷ்டம். செயின்ரிங் சிறுத்தால் ஆரம் சிறுக்கிறது. மேலே சொன்ன 125 கிலோ, 30 பல்லில் 143 ஆகிவிடும். அந்தப் பாரத்தைப் பங்குபோட நாலு பல் குறைவு வேறு.

29 அங்குலச் சக்கரத்தில் நிமிடத்துக்கு 75 மிதி என்று வையுங்கள். 34-க்கு 51 கியரில் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகம். 30 போட்டால் 6. வேகமாக நடப்பவர் பேசிக்கொண்டே கூட வந்துவிடுவார், வண்டியை நேராகப் பிடிப்பதே உங்களுக்கு வேலையாகிவிடும். கல்லும் வேருமான செங்குத்துப் பாதையிலேயே பெரும்பொழுது போகிறதென்றால் 32 போட்டுப் பாருங்கள். போடும் முன் உங்கள் ஃபிரேமுக்கு எத்தனை பல் வரை அனுமதி என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். செயின் ஃபிரேமில் உரசும் வண்டிகளும் இருக்கின்றன.

கோலாலம்பூர். கடையில் 12 கியரை எடுத்துவிட்டு ஷிமானோவின் லிங்க்கிளைடு 11 கியர் போடச் சொல்கிறார்கள். 12-இலிருந்து 11-க்கு இறங்குவது பின்னடைவு இல்லையா?

எண்ணிக்கையில் பின்னடைவு, உழைப்பில் முன்னேற்றம். கடைக்காரர் நல்லவர் போலிருக்கிறது.

மேலே போட்ட அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மோட்டார் உதவி 25 கிலோமீட்டர் வேகத்தோடு நின்றுவிடும் வண்டியில், 34 பல் செயின்ரிங்கோடு, 75 மிதியில் அந்த 25-ஐத் தொடும்போது பின்னால் செயின் எந்தப் பல்சக்கரத்தில் இருக்கும்? 14 பல்லில். ஷிமானோ 12 கியரின் கடைசி இரண்டு சக்கரங்களான 12-உம் 10-உம், மோட்டார் ஒதுங்கிய பிறகு இறக்கத்தில் மட்டும் பயன்படுபவை. நாம் காசு கொடுத்துச் சுமக்கிற அலங்காரம்! 11-இல் தொடங்கி 50-இல் முடியும் கேசட்டில் உங்களுக்கு எதுவும் குறையப் போவதில்லை.

லிங்க்கிளைடை ஷிமானோ 2021-இல் கொண்டுவந்தது. பல் தடிமன் கூடுதல், பல்லின் அடிப்பாகமும் அகலம். மூன்று மடங்கு உழைக்கும் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. கியர் குறைத்து உறுதியைக் கூட்டும் யோசனை புதிதும் அல்ல. ஸ்ராம் கம்பெனி 2016-இலேயே இ-பைக்குக்கென்று எட்டே கியரில் 11 முதல் 48 வரை ஒரு செட் போட்டது. அதன் ஷிஃப்டர் ஒரு தட்டுக்கு ஒரு கியர்தான் மாற்றும். மோட்டார் இழுக்கிறபோது நாலு கியரை ஒரேயடியாகத் தள்ளிவிடும் கைகளை நம்பாத ஏற்பாடு அது.

ஆனால் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள். ஷிஃப்டர், செயினை நகர்த்தும் டீரெய்லர், கேசட் மூன்றும் லிங்க்கிளைடாகவே இருக்க வேண்டும், பழைய 11 கியர் ஷிஃப்டரோடு ஒத்துப்போகாது. அதோடு உங்கள் 12 கியர் ஷிமானோ கேசட் உட்கார்ந்திருப்பது மைக்ரோ ஸ்ப்லைன் வகை ஃப்ரீஹப்பில் (கேசட்டை மாட்டும் உருளை). லிங்க்கிளைடு ஏறுவது பழைய எச்ஜி ஃப்ரீஹப்பில். ஆகவே ஃப்ரீஹப்பையும் மாற்ற வேண்டிவரும். உங்கள் ஹப்புக்கு (சக்கரத்தின் நடுப்பகுதி) அது தனியாகக் கிடைக்குமா என்று தெரிந்துகொண்டு முன்பணம் கொடுங்கள். முன்னால் உள்ள செயின்ரிங் 12 கியர் செயினுக்கென்று வெட்டியது என்றால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர். இ-பைக் செயினை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

கிலோமீட்டரைக் கேட்காதீர்கள், ஸ்கேலைக் கேளுங்கள். சேறு, எண்ணெய், உங்கள் எடை, முழு உதவி தரும் டர்போ மோடு மீது உங்களுக்கு இருக்கும் பாசம், எல்லாம் சேர்ந்து ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் வரும்.

இரும்பு ஸ்கேல் ஒன்று போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். அதிலிருந்து எண்ணி இருபத்து நாலாவது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி நின்றால் அரை சதவீதம் நீண்டுவிட்டது என்று அர்த்தம். 11, 12 கியர் செயினுக்கு அதுதான் கடைசி மணி. 9, 10 கியர் என்றால் முக்கால் சதவீதம் வரை விடலாம். செயின் செக்கர் வாங்கிவிட்டால் வேலை இன்னும் சுலபம், விலையும் அதிகம் இல்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கச் செம்மண் பாதையில் ஒரே செயினில் ஓட்டினேன், நன்றாகத்தானே ஓடுகிறது என்ற தைரியத்தில். புதுச் செயின் போட்ட அன்று முதல் ஏற்றத்திலேயே நடுவில் உள்ள மூன்று கியர்களிலும் செயின் வழுக்கியது. முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. பல் எல்லாம் சுறா முதுகுத் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்ததை அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு செயின் விலையை மிச்சம் பிடித்து, கேசட், செயின்ரிங், செயின் மூன்றையும் வாங்கினேன்.

உங்களுக்கு வேண்டிய மேம்பாடு இதுதான்: இ-பைக்குக்கென்று விற்கும் செயின், ஸ்ராமோ ஷிமானோவோ கேஎம்சியோ, ஒரே சமயத்தில் இரண்டு வாங்கி ஒன்றை அலமாரியில் வையுங்கள்.

கோத்தகிரி. பின்சக்கர ஹப் மோட்டார், 7 கியர், முன்னால் 42 பல், பின்னால் பெரியது 28. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினால் எனக்கு மூச்சு வாங்குகிறது, மோட்டாரும் கொதிக்கிறது. 11 கியர் செட் போடலாமா?

உங்கள் வண்டி வேறு ஜாதி. மேலே பேசியதெல்லாம் கிராங்கில் மோட்டார் உள்ள வண்டிகளைப் பற்றி. உங்கள் மோட்டார் சக்கரத்தை நேராகச் சுற்றுகிறது. அதன் பலம் செயின் வழியாக வருவதே இல்லை. அதனால் உறுதியான செயின், இரும்புக் கேசட் என்ற கவலை உங்களுக்கு இல்லை. பின்னால் திருகி மாட்டிய ஃப்ரீவீல்தான் இருக்கிறது என்றால், 11 கியர் கேசட் அதில் ஏறவும் ஏறாது.

14 முதல் 34 வரை உள்ள 7 கியர் ஃப்ரீவீல் வாங்குங்கள். உங்கள் டீரெய்லர் 34 பல் வரை தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செயினும் ஒன்றிரண்டு கண்ணி நீளமாக வேண்டும். முன்னால் 42-ஐ 38 ஆக்க முடிந்தால் அதையும் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்தால் காலுக்குப் பாரம் கால்வாசி குறையும். கழற்றும் வேலையைக் கடையில் விடுங்கள்: ஏற்றத்தில் மிதித்த ஒவ்வொரு மிதியும் அந்த ஃப்ரீவீலை இறுக்கித்தான் வைத்திருக்கிறது, பல மோட்டார்களின் தடித்த அச்சில் சாதாரணக் கழற்றி நுழையவும் நுழையாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியைக் கொடுங்கள்.

மோட்டார் சூட்டுக்கு மட்டும் கியர் மருந்தில்லை. ஹப் மோட்டாருக்குச் சக்கர வேகம்தான் தன் வேகம். மெதுவாக ஏற ஏற, கரண்ட் சுழற்சியாக மாறாமல் சூடாக மாறும். கியர் சிறிதானதும் இன்னும் மெதுவாக ஏறத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். அதே வேகத்தில் கூடுதல் மிதி போட்டு மோட்டாருக்குத் தோள் கொடுங்கள். கையை வைத்தால் சுடுகிறது என்றால் டீக்கடையில் நிறுத்துங்கள்.

வயர்லெஸ் கியர் இ-பைக்குக்கு லாயக்கா?

லாயக்குதான், அவசியமில்லை. ஸ்ராம் 2023-இல் கொண்டுவந்த டிரான்ஸ்மிஷன் வகை முழு இழுவையிலும் ஒழுங்காக மாறும், அதற்காகவே செய்தது. ஆனால் டீரெய்லர் நேரடியாக ஃபிரேமில் ஏறுவதால், யூடிஎச் ஹேங்கருக்காக (டீரெய்லரை மாட்டும் ஒரு பொதுத்தரத் துண்டு) செய்த ஃபிரேம் வேண்டும். பாறையில் இடித்து உடைந்தால் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு போகும். 2025-இல் வந்த அதே வகையின் கேபிள் ரகங்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன.

பழைய பாஷ் மோட்டார் வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. செயின்ரிங் பொம்மை மாதிரி 15 பல்தான். மாற்றிவிட்டார்களா?

இல்லை, அது பிறந்ததே அப்படித்தான். அந்தத் தலைமுறை மோட்டாரில் நீங்கள் ஒரு சுற்று மிதித்தால் செயின்ரிங் இரண்டரைச் சுற்று சுற்றும். ஆகவே 15 என்பது கிட்டத்தட்ட 38-க்குச் சமம். மலைப் பாதைக்கு 14 போடலாம். பல் குறைவு என்பதால் சீக்கிரம் தேயும், விலை பேசும்போது அதைச் சொல்லிப் பாருங்கள்.

கேசட்டைக் கழற்ற முடியவில்லை. அதை இறுக்கும் வளையமான லாக்ரிங் வந்துவிட்டது, பல்சக்கரங்கள் அசையவே இல்லை.

ஃப்ரீஹப் அலுமினியமாக இருக்கும். தனித்தனிச் சக்கரங்கள் மோட்டார் இழுவையில் அதன் வரிகளில் கத்தி மாதிரி இறங்கிவிட்டன. சக்கரம் ஒவ்வொன்றையும் செயின் விப்பால் (செயின் துண்டு கோத்த கைப்பிடி) பின்பக்கமாகத் தட்டித் தட்டி விடுவியுங்கள், சுத்தியலை எடுக்காதீர்கள். கழற்றியதும் வெட்டுகளின் விளிம்பை அரத்தால் லேசாக ராவி விட்டுப் புதியதை ஏற்றலாம். வெட்டு ஆழமாக இருந்தால் இரும்பு ஃப்ரீஹப் மாற்றுங்கள். டிடி ஸ்விஸ் தன் இ-பைக் ஹப்களில் இரும்பு வைப்பது இதற்காகத்தான். அடுத்த கேசட், பெரிய சக்கரங்கள் ஒன்றோடொன்று சேர்த்து அறைந்ததாக இருக்கட்டும்.