வராத விமானத்துக்கு வட்டி

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் நிறுவனத்தில் டிசைன் இன்ஜினீயராக இருக்கிறேன். வயது 38. கைக்கு வரும் சம்பளம் 78,000 ரூபாய், வீட்டுக் கடன் தவணை 24,000. பிளாஸ்டிக் விமான மாடல் செய்வது பொழுதுபோக்கு, பெரும்பாலும் 1/32 அளவு (நிஜ விமானத்தில் 32-இல் ஒரு பங்கு). மூன்று மாதத்துக்கு ஒரு கிட் (ஒட்டிச் செய்யும் பாகங்கள் உள்ள பெட்டி) வெளிநாட்டிலிருந்து வாங்குகிறேன். வீடு வந்து சேர 26,000 ஆகிறது. 14 பெட்டிகள் பிரிக்காமல் கிடக்கின்றன. கிரெடிட் கார்டில் 1.8 லட்சம் நிலுவை, மாதம் 9,000 கட்டுகிறேன். ஜப்பானின் டமியா நிறுவனம் 1/32-இல் பி-38 லைட்னிங் போர் விமானத்தைக் கொண்டுவரும் என்ற நம்பிக்கையில் டீகால் (விமானத்தில் ஒட்டும் குறிகள்), மாஸ்க் (பெயின்ட் அடிக்கும்போது கண்ணாடியை மறைக்கும் ஒட்டுத்தாள்), ரெசின் காக்பிட் செட் எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். "எதையும் இரண்டாக வாங்குங்கள், ஒன்றைப் பின்னால் இரட்டை விலைக்குத் தள்ளலாம், என் பங்கை அப்புறம் தருகிறேன்" என்கிறார் மச்சான். பர்சனல் லோன் எடுத்துத் தயாராக இருக்கலாமா?

பதில்: மாடல் செய்வதை விடச் சொல்ல மாட்டேன். உங்கள் சம்பளத்துக்கு அந்தச் செலவு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கார்டில் மினிமம் டியூ மட்டும் கட்டிக்கொண்டு அதே கார்டில் அடுத்த பெட்டியை வாங்குகிறீர்களே, அதுதான் உங்களை விழுங்குகிறது.

கார்டு வட்டி மாதம் 3.6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1.8 லட்சத்துக்கு 6,480 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 7,650. நீங்கள் கட்டும் 9,000-இல் அசலுக்குப் போவது 1,350 மட்டும். கிட் செலவைச் சராசரியாகப் பார்த்தால் மாதம் 8,600-க்கு மேல் ஏறுகிறது. ஆக, மாதாமாதம் கடன் 7,300 ரூபாய் வளர்கிறது, வருடத்துக்கு 88,000.

இன்னொன்றும் உண்டு. நிலுவை இருக்கும் கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே மீட்டர் ஓடும். 26,000 ரூபாய்ப் பெட்டி ஒரு வருடம் அலமாரியில் தூங்கினால் வட்டியும் வரியுமாக இன்னொரு 13,000. அந்தப் பெட்டியின் உண்மையான விலை 39,000.

சரி, எதற்காகக் காத்திருக்கிறீர்கள்? டமியாவின் 1/32 வரிசையில் ஸ்பிட்ஃபயர் 2009, மஸ்டாங் 2011, கோர்செயர் 2013, மஸ்கிட்டோ 2015. அதற்குப் பிறகு அவர்கள் கவனம் 1/48 பக்கம் போய்விட்டது: 2019-இல் பி-38, 2021-இல் எஃப்-4பி பேன்டம், 2022-இல் எஃப்-35ஏ. சிறிய அளவில் வந்த பி-38 பெரிய அளவிலும் வரும் என்பது ஆசை. ஆசைக்கு முன்பணம் எதற்கு? வந்தாலும் மே மாதம் ஜப்பானில் நடக்கும் ஷிசுவோகா ஹாபி ஷோ போன்ற இடத்தில் அறிவிப்பார்கள், அதிலிருந்து கடைக்கு வரச் சில மாதமாவது ஆகும். வந்த வேகத்தில் மறையவும் மறையாது. 2009 ஸ்பிட்ஃபயரே இன்னும் புதுப் பெட்டியாகக் கிடைக்கிறது.

நீங்கள் வாங்கிய துணைப் பொருட்களில் பாதி வீண். கேனபி (விமானி மேலுள்ள கண்ணாடி மூடி) மாஸ்க், ரெசின் காக்பிட் எல்லாம் குறிப்பிட்ட ஒரு கிட்டின் பாகங்களை அளந்து செய்பவை. டிரம்பீட்டர் கம்பெனியின் பி-38-க்கு வெட்டிய மாஸ்க், நாளை வரப்போகும் வேறு கம்பெனிக் கண்ணாடியில் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் உதவாது. டீகால் மட்டும் ஓரளவு தேறும். அதுவும் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பழுத்தால் மஞ்சளாகும். சிலிகா ஜெல்லோடு ஜிப் கவரில் தட்டையாக வையுங்கள்.

மச்சான் விஷயத்துக்கு வருவோம். அவர் மனதில் இருப்பது விங்நட் விங்ஸ் கதையாக இருக்கும். சினிமா இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் நியூசிலாந்து மாடல் கிட் நிறுவனம். 2020-இல் மூடியதும் பெட்டிகளின் விலை எகிறியது உண்மை. ஆனால் அவர்கள் தயாரித்துக்கொண்டிருந்த 1/32 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் பிறகு பார்டர் மாடல் என்ற வேறு கம்பெனியின் பெயரில் வந்தது. பாகங்களை வார்க்கும் அச்சு கைமாறினால் 'அரிய பொருள்' ஒரே நாளில் சாதாரணப் பொருளாகிவிடும். உற்பத்தி நிற்காத டமியா பெட்டியில் அந்த லாபத்தை எதிர்பார்ப்பதே தப்பு. விண்டேஜ் பொம்மை, கலெக்டிபிள் என்று எதையும் முதலீடாக விற்கும் இன்றைய மோஸ்தரில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. 50 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டி வாங்கும் முதலீடு எதுவும் தேறாது.

அதோடு, ஒரே கிட் இரண்டிரண்டாக அடிக்கடி வந்தால் சுங்கத்தில் வியாபாரச் சரக்கு என்று பார்க்க வாய்ப்புண்டு. வியாபார இறக்குமதிக்கு ஐஇசி (இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீடு) எண் வேண்டும். ஸ்கேல் மாடல்கள் பொம்மைகளோடு சுங்கப் பட்டியலின் 9503 தலைப்பில் வருகின்றன. அதன் அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. கூரியரும் எடையை அல்ல, இடத்தைப் பார்த்தே கட்டணம் போடும்: 60 × 40 × 15 செ.மீ. பெட்டியின் கன அளவை 5,000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ, உள்ளே இருப்பது இரண்டரை கிலோவானாலும். மச்சான் தன் பங்கை முன்னால் தந்தாலும் உங்கள் கார்டில் வேண்டாம். 'நோ காஸ்ட்' இஎம்ஐ என்று கடைக்காரர் நீட்டினாலும் பிராசஸிங் கட்டணத்தையும் ஜிஎஸ்டியையும் கேட்டுப் பாருங்கள்.

இப்போது லோன். கிட் வாங்க வேண்டாம்; கார்டை அடைக்க எடுக்கலாம். முதலில் 14 பெட்டிகளில் ஆறை விற்றுவிடுங்கள். இரட்டைப் பெட்டிகள் முதலில், அடுத்து நான்கு இன்ஜின் விமானங்கள். 1/32 லங்காஸ்டரின் இறக்கை 97 செ.மீ., அதை எங்கே வைக்கப் போகிறீர்கள்? உள்ளூரில் வாங்குபவர் உங்கள் விலையை ஜப்பான் விலையோடு ஒப்பிட மாட்டார், வரியும் கூரியரும் சேர்த்த 26,000-ஓடுதான் ஒப்பிடுவார். 18,000 கேட்டால் போகும். உள் கவர்களைப் பிரிக்காதீர்கள், டீகால் ஷீட்டையும் பெட்டி மூலைகளையும் படமெடுத்து அனுப்புங்கள். ஆறு பெட்டிக்கு 1,08,000.

மீதி 72,000-க்கு 14 சதவீதத்தில் 12 மாத லோன் என்றால் தவணை சுமார் 6,465, மொத்த வட்டி 5,600-க்குள். ஒரு பெட்டிகூட விற்காமல் 1.8 லட்சத்துக்கும் லோன் எடுத்தால் 24 மாதம், 8,640 ரூபாய், வட்டி 27,000-க்கு மேல். இரண்டுமே நீங்கள் இப்போது கட்டும் 9,000-க்குள் அடங்குகின்றன. லோன் பணம் நேராகக் கார்டுக்குப் போக வேண்டும். போன அன்றே கார்டின் லிமிட்டை 30,000 ஆகக் குறைக்கச் சொல்லி, வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் அணைத்துவிடுங்கள்.

விற்று அடைக்கும் வழியை எடுத்தால் மாதம் 2,500 மிஞ்சும். அதை ஓர் ஆர்டியில் போடுங்கள்; 11 மாதத்தில் ஒரு கிட்டுக்கான பணம் சேர்ந்துவிடும். லைட்னிங் அப்போதும் வரவில்லையென்றால், அலமாரியில் இருக்கும் எட்டில் ஒன்றைப் பிரியுங்கள்.