பனிக்கரடித் தாய்: இந்த முறை வந்த கேள்விகள்

குட்டிக்கரடி வீடியோ ஏதோ சுற்றுகிறது போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதுதான்.

கே: குளிர்காலம் முழுக்கப் பனிக்கரடிகள் தூங்கிவிடுமாமே?
ப: இல்லை. சினையாக இருக்கும் பெண் மட்டும்தான் வளைக்குள் முடங்கும். மற்றவை குளிர்காலத்திலும் கடற்பனி மேல் சீல் (கடல்நாய்) தேடித் திரியும். வளைக்குள் நடப்பதும் வெறும் தூக்கமில்லை, எத்தனை தடவை எழுதுவது! பிரசவம், பாலூட்டல் எல்லாம் உள்ளேதான்.

கே: கர்ப்பகாலம் 8 மாதம் என்கிறார்கள், 2 மாதம் என்றும் சொல்கிறார்கள். எது சரி?
ப: இரண்டும் ஒருவகையில் சரிதான். ஏப்ரல், மே வாக்கில் இணை சேர்ந்தாலும் கரு இலையுதிர்காலம் வரை கருப்பையில் ஒட்டாமல் மிதக்கும். ஒட்டி வளர்வது கடைசி 2 மாதம்தான். அதற்குள் தாய் சீல் கொழுப்பைத் தின்று 200 கிலோ வரைகூட எடை ஏற்றிக்கொள்ளும். கொழுப்பு சேரவில்லை என்றால் குட்டியும் இல்லை.

கே: பிறக்கும்போது குட்டி எவ்வளவு எடை?
ப: அரைக் கிலோவுக்குச் சற்று மேல். கண்கூடத் திறந்திருக்காது. பெரும்பாலும் இரட்டை. மார்ச், ஏப்ரலில் வெளியே வரும்போது 10 கிலோவைத் தாண்டியிருக்கும். எல்லாம் பால் செய்கிற வேலை: எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதம் என்றால் இதில் 30க்கு மேல்.

கே: அண்டார்க்டிகாவில் எந்தப் பகுதியில் வளை தோண்டும்?
ப: அங்கே பனிக்கரடியே கிடையாது. கேட்குமுன் அட்லஸை ஒருமுறை புரட்டியிருக்கலாம்.

கே: வளை எப்போதும் பனியில்தானா?
ப: பெரும்பாலும் காற்று குவித்த பனிமேட்டில்தான். ரஷ்யாவின் ராங்கல் தீவில் நிறைய உண்டு. கனடாவின் சர்ச்சில் பக்கம், வாபுஸ்க் தேசியப் பூங்காவில், ஏரி, ஆற்றுக் கரைகளில் செடிகொடி மட்கிச் சேர்ந்த கரிமண்ணையே குடைந்துவிடும். அங்கே கோடையில் ஹட்சன் விரிகுடாப் பனி உருகிவிடுவதால் சினைக்கரடி 8 மாதம் வரை பட்டினி. பட்டினியோடுதான் பால் கொடுக்கிறது.

கே: மார்ச்சில் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போகிறோம். தாயும் குட்டியும் வெளியே வருவதை டிரோனில் எடுக்க எவ்வளவு கிட்டப் போகலாம்?
ப: போகாதீர்கள். இந்தக் கேள்வி ஒவ்வொரு வருஷமும் வருகிறது, ஒவ்வொரு வருஷமும் எனக்கு எரிச்சலும் வருகிறது. மாதக்கணக்கில் ஒரு வாய் தின்னாத தாய் அது. வளையை உடைத்துக்கொண்டு வந்ததும் நேரே கடலுக்கு ஓடிவிடாது. ஒன்றிரண்டு வாரம் அங்கேயே சுற்றும். குட்டிகள் சறுக்கி, உருண்டு, கால் பழகி, குளிர் பழகி, இருட்டினால் மறுபடி உள்ளே போகும். அந்த நேரத்தில் தலைக்கு மேல் ஏதோ ரீங்காரமிட்டால் தாய் பழகாத குட்டிகளை இழுத்துக்கொண்டு முன்கூட்டியே கிளம்பிவிடலாம். முதல் வருஷத்திலேயே ஏறக்குறையப் பாதிக் குட்டிகள் செத்துப்போகின்றன. நம் பங்குக்கு வேறு வேண்டாம். சட்டமும் இருக்கிறது. பனிக்கரடியைத் தொந்தரவு செய்வது அங்கே குற்றம். 2025லிருந்து குறைந்தபட்ச இடைவெளி 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் முடிய 500. வளை இருக்கும் சரிவென்று தெரிந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். நல்ல தொலைநோக்கி வாங்குங்கள், டிரோனை வீட்டில் வையுங்கள்.

கே: அப்பா கரடி என்ன செய்யும்?
ப: இணை சேர்வதோடு சரி. பிறகு எதிர்ப்பட்டால் குட்டியைக் கொன்று தின்பதும் உண்டு. ஆண் வாசனை பட்டால் தாய் குட்டிகளோடு விலகிப்போவது அதனால்தான்.

கே: எத்தனை நாள் கூட வைத்திருக்கும்?
ப: சுமார் இரண்டரை வருஷம். அதனால்தான் அடுத்த பிரசவத்துக்கு 3 வருஷம் ஆகிறது.