ஸ்காபரோவில் வெயில், பேரியில் வெள்ளைச் சுவர்

தம்பி, போனில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு 2 சென்ரிமீற்றர் ஸ்நோ, அதாவது பனி, என்று பார்த்துவிட்டு, வடக்கே உள்ள பேரி நகருக்கு வேலைக்கு வெளிக்கிட்டு, முன்னால் போன வாகனமே தெரியாமல் பாதி வழியில் திரும்பியதாக எழுதியிருந்தீர்கள். கனடாவின் வானிலை அறிவிப்பை நம்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நம்பலாம். ஆனால் நீங்கள் பார்த்தது வீடு இருக்கும் இடத்துக்கான அறிவிப்பு. நீங்கள் ஓடியது பேரிக்குப் போகும் 400 நெடுஞ்சாலையில்.

நான் வந்த இரண்டாம் குளிர்காலத்தில் எனக்கும் இதுவே நடந்தது. பேரிக்குச் சற்று முன்னால் வரும் இன்னிஸ்ஃபில் வரை கண்கூசும் வெயில். அதற்கு அங்கால் ஒன்றுமே இல்லை, வெள்ளை மட்டும்தான். பத்து நிமிடத் தூரத்தை ஒன்றரை மணித்தியாலம் ஊர்ந்து கடந்தேன். கை நடுக்கம் நிற்க அன்று இரவாயிற்று. அதன்பிறகுதான் இது ஏன் வருகிறது என்று தேடிப் படித்தேன்.

இப்படி ஒடுங்கிய பட்டையாகத் திடீரென அடிக்கும் கடும் பனியை ஸ்நோ ஸ்குவால் என்பார்கள். ஊரில் வடகீழ்ப் பருவக்காற்று வங்கக் கடலின் ஈரத்தை அள்ளி வந்து கரையில் மழையாகக் கொட்டுகிறதல்லவா? இங்கே அந்த வேலையை ஹியூரன் ஏரியும் ஜோர்ஜியன் விரிகுடாவும் செய்கின்றன. கார்த்திகை, மார்கழியில் தண்ணீரில் கோடைச் சூடு இன்னும் மிச்சம் இருக்கும். அதன் மேலால் கடுங்குளிர் காற்று வரும். தண்ணீருக்கும் ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்துக் காற்றுக்கும் 13 பாகை வித்தியாசம் வந்தால் மேகம் நீண்ட பட்டைகளாகத் திரளத் தொடங்கும். ஒரு பட்டை பத்து, இருபது கிலோமீற்றர் அகலம் இருக்கும், அவ்வளவுதான். உள்ளே கண் தெரியாது, வெளியே வெயில் எறிக்கும். காற்று வடமேற்கிலிருந்து வந்தால் பேரி, இன்னிஸ்ஃபில் பக்கம் மாட்டும். மேற்கிலிருந்து வந்தால் பேரிக்கு வடக்கே உள்ள மஸ்கோக்கா. 2024 நவம்பர் கடைசியில் மஸ்கோக்காவின் கிரேவன்ஹர்ஸ்ட் பக்கம் ஒரு மீற்றருக்கு மேல் கொட்டி, 11ஆம் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். அதே நாட்களில் ரொறன்ரோவில் பெரிதாக ஒன்றும் இல்லை.

பட்டை உருவாகும் என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். எந்த ஊரின் மேல் நிற்கும் என்பது சில மணித்தியாலங்களுக்கு முன்புதான் தெளிவாகும், காற்று கொஞ்சம் திரும்பினாலே அது இடம் மாறிவிடும். அதனால் போனில் உள்ள இலக்கத்தை விடுங்கள். கனடா சுற்றுச்சூழல் திணைக்களத்தின் எச்சரிக்கையைத் திறந்து, வாசகத்தை முழுதாக வாசியுங்கள். 2025 நவம்பரிலிருந்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டுத் தருகிறார்கள். பேரிக்கும் பாருங்கள், இடையில் உள்ள ஊர்களுக்கும் பாருங்கள். வெளிக்கிடும் முன் 511 ஒன்ராறியோ என்ற வீதித் தகவல் தளத்தில் வீதிக் கமராக்களையும் ஒருக்கால் பார்க்க வேண்டும். ராடாரை மட்டும் நம்ப வேண்டாம், இந்த மேகங்கள் தாழ்ந்தவை. தூரத்தில் ராடார் கதிர் அவற்றுக்கு மேலால் போய்விடும்.

ரொறன்ரோவைத் தாக்குவது வேறு வகை. மேற்கே அல்பேர்ட்டா பக்கமிருந்து வரும் தாழமுக்கம் வேகமாக வந்து போகும், பஞ்சு போன்ற ஸ்நோ, சவளால் அள்ளச் சுகம். அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து வரும் தாழமுக்கம்தான் பொல்லாதது. அதன் பாதை 50 கிலோமீற்றர் விலகினாலே ஸ்நோ, விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக உறையும் உறைமழையாகும், உறைமழை வெறும் மழையாகும். ஏரிக்கரையில் மழை பெய்யும்போது, வடக்கே உள்ள மார்க்கம் நகர் வெள்ளையாகிவிடும். 2013 டிசம்பரில் உறைமழை பெய்து, ரொறன்ரோவில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்று. கடுங்குளிரில் அது ஸ்நோவை விடப் பயங்கரம். 2022 ஜனவரி 17இல் ஸ்நோ மட்டுமே ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையை மூட வைத்தது. ஐந்து நாளுக்கு முன் சொல்லும் அளவை ஒரு எச்சரிக்கையாக மட்டும் எடுங்கள், முதல் நாள் மாலை சொல்வதைக் கொண்டு முடிவெடுங்கள்.

வாகனத்தில் எப்போதும் அரைத் தாங்கிக்குக் குறையாமல் பெற்றோல், ஒரு கம்பளி, போன் சார்ஜர். மேற்பார்வையாளரிடம் இப்போதே பேசி வையுங்கள், எச்சரிக்கை வந்த நாளில் பிந்தி வருவேன் என்று. புது வேலை, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, சொல்லுங்கள். இரவு வேலை முடியும் நேரம் பட்டை 400இன் மேல் நின்றால் வெளிக்கிடாதீர்கள். பேரியில் எங்கள் உறவுக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்களிடம் சொல்லி வைக்கிறேன், அங்கே படுத்துவிட்டு விடிய வாருங்கள்.