மூட்டைக்குப் புதுப்பேர், சீட்டில் பழைய பேர்

கேள்வி: வணக்கம்ங்க. ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். என் சின்ன வயதில் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பிளேஸ்டேஷன் சிடிக்கள் ஐந்து இன்னும் பத்திரமாக இருக்கின்றன. பையனுக்குக் காட்டலாம் என்று கம்ப்யூட்டரில் ஏற்றி, கம்ப்யூட்டரையே பழைய பிளேஸ்டேஷன் கேம் மெஷின் போல நடிக்கவைக்கும் டக்ஸ்டேஷன் எமுலேட்டரில் போட்டேன். ஐந்தும் வந்தன. கோப்புகளின் பெயர் கன்னாபின்னாவென்று இருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டுக்கு மட்டும் அழகாகப் பெயர் மாற்றிவைத்தேன். இப்போது இரண்டு கேம் திறக்கவே மாட்டேன் என்கின்றன. இன்னொன்று பாதி ஆட்டத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. பயாஸ் (மெஷினைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போடு என்கிறார் மச்சான். செய்யட்டுங்களா?

பதில்: வேண்டாமுங்க. பயாஸ் கெட்டிருந்தால் ஐந்துமே படுத்திருக்கும். மீதி இரண்டு நன்றாக ஓடுகின்றன இல்லையா? ஆசைக்கு பயாஸ் கோப்பின் அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சரியாக 512 கேபி, அதாவது 5,24,288 பைட் இருக்க வேண்டும். அதற்கு மேல் அதைத் தொடாதீர்கள்.

விடையைப் போகிற போக்கில் நீங்களே எழுதிவிட்டீர்கள்: பெயர் மாற்றினேன் என்று. ‘பின்’ (.bin) என்று முடியும் பெரிய கோப்பில்தான் சிடியின் சரக்கு முழுவதும் இருக்கிறது. ‘க்யூ’ (.cue) என்று முடிவது ஒரு துண்டுச் சீட்டு. எந்தக் கோப்பில் எந்த டிராக் (சிடியின் பகுதி) எங்கே தொடங்குகிறது என்று அதில் எழுதியிருக்கும். எமுலேட்டர் முதலில் படிப்பது இந்தச் சீட்டைத்தான். மண்டிக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டுமா? மூட்டை மேல் குறியை மாற்றிவிட்டு, சீட்டில் பழைய குறியையே விட்டால் குடோனில் யார் தேடிக் கண்டுபிடிப்பது?

க்யூ கோப்பை நோட்பேடில் திறந்தால் முதல் வரியிலேயே இரட்டை மேற்கோளுக்குள் பழைய பெயர் நிற்கும். அதை அழித்து, பின் கோப்பின் இப்போதைய பெயரை, கடைசியில் வரும் ‘.bin’ என்ற வால் உட்பட, எழுத்துக்கு எழுத்து அடித்துச் சேமியுங்கள். பாட்டு டிராக்குகள் தனித்தனிப் பின் கோப்புகளாக இருந்தால் ஒவ்வொரு பெயரையும் திருத்த வேண்டும். விண்டோஸ் அந்த வாலை மறைத்துவைக்கும். பெயர் மாற்றும்போது நீங்களும் ஒரு ‘பின்’ சேர்த்திருந்தால் இரட்டை வால் முளைத்திருக்கும், அதையும் பாருங்கள். பின் கோப்பையே நேராகத் திறந்தால் சில சமயம் கேம் வரும்தான். ஆனால் டிராக் விவரம் இல்லாததால் சிடியிலுள்ள பாட்டு ஊமையாகிவிடும்.

நின்றுபோகிற கேம் வேறு வியாதி. நான் கோபியில் மணிக்கு 10 ரூபாய் வாங்கி கேம் கடை நடத்திய நாளில், ஓடி ஓடித் தேய்ந்த பிளேஸ்டேஷன் மெஷினைக் குப்புறக் கவிழ்த்துத்தான் ஓட்டுவோம். லென்ஸ் நகரும் பிளாஸ்டிக் தடம் தேய்ந்து லென்ஸ் சாய்ந்திருக்கும், கவிழ்த்தால் நேராகிவிடும். எமுலேட்டரை எங்கே கவிழ்ப்பது? சிடியிலிருந்து ஏற்றியபோதே கம்ப்யூட்டர் தப்பாகப் படித்திருக்கும், அந்தத் தப்பு கோப்புக்குள் தங்கிவிட்டது. சிடியை மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். கீறலில் பற்பசை தேய்க்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம். அப்புறம் வேகத்தைக் குறைத்து இரண்டு முறை ஏற்றி, இரண்டு பிரதிகளின் எம்டி5 எண்ணையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) ஒப்பிடுங்கள். எண் மாறிக்கொண்டே இருந்தால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில், மெலிந்த யுஎஸ்பி டிரைவைவிடப் பழைய டெஸ்க்டாப் டிரைவே பொறுமையாகப் படிக்கும்.